சீட்டுக்கு அடியில் என்ன இருக்கு?

மக்களே, இந்தத் தடவை மேட்டர் கொஞ்சம் வித்தியாசமானது. ஜீப் தரைக்கு அடியில, மேலே இருந்து பார்த்தா தெரியாத மாதிரி ஒரு பெட்டி கட்டுறதைப் பத்தி. "இதுல என்னய்யா வரலாறு இருக்கு, பட்டறைக்குப் போனா அரை நாள் வேலை"ன்னு நீங்க கேட்கலாம். ஆனா தோண்டிப் பார்த்தா இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இரண்டாம் உலகப் போர், தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டம், அமெரிக்கச் சிறை, கடைசியா எங்க ஊர் தாயில்பட்டி வரைக்கும் எல்லாம் இருக்கு. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

தூண்டிவிட்டது என்னோட சின்ன வயசுக் கூட்டாளி ஒருத்தன். பழைய மஹிந்திரா ஜீப் ஒண்ணு வாங்கியிருக்கான். மேகமலை, குற்றாலம்னு சுத்தணும்னு ஆசை. "மாப்ள, நீ இஞ்சினியர்தானே, கீழ ஒரு ரகசிய அறை வைக்கணும், டிராயிங் போட்டுக் குடு"ன்னான். நான் படிச்சது கம்ப்யூட்டர். வெல்டிங் ராடைக் கையில பிடிச்சதே முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேப்ல மட்டும்தான். இருந்தாலும் இஞ்சினியர்னு சொல்லிட்டானே, விட முடியுமா? :-)

டிராயிங் போட உட்கார்ந்தப்போ ஒரு கேள்வி முன்னால வந்து நின்னுச்சு. ரகசிய அறைன்னா, யாருக்கு ரகசியம்? திருடனுக்கா? போலீசுக்கா? இல்ல, அதே வண்டியில சீட்டு மேல உட்கார்ந்து வர்றவனுக்கா? மூணும் ஒண்ணு இல்லைங்க. இந்தப் பதிவு முழுக்க அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான்.

வண்டிக்கு முன்னாடி வீடு

தரைக்குக் கீழே ஒளிச்சு வைக்கிறது நம்ம ஆட்களுக்குப் புதுசு இல்லை. எங்க கரிசல் காட்டுப் பக்கம் சோளத்தைத் தானியக்குழியில போட்டு வைப்பாங்க. மண்ணுல குழி வெட்டி, வைக்கோலைச் சுத்தி அணைச்சு, தானியத்தைக் கொட்டி, மேலே மண் போட்டு மூடிருவாங்க. காத்துப் புகாததால பூச்சி அரிக்காது. கண்ணுக்குத் தெரியாததால களவும் போகாது. ஆனா அதே குழியில ஒரு ஆபத்தும் உண்டு. தானியம் மூச்சுவிட்டு விட்டு உள்ளே கரியமில வாயு நிறைஞ்சிருக்கும். திறந்த உடனே இறங்கினவங்க மயங்கி விழுந்து செத்தது உண்டு. அதனாலதான் முதல்ல ஒரு விளக்கைக் கயிறு கட்டி உள்ளே இறக்குவாங்க. விளக்கு அணைஞ்சா யாரும் இறங்கக் கூடாது. குழி எங்கே இருக்குன்னு திருடனுக்குத் தெரியக் கூடாது. ஆனா குழி எப்படிப்பட்டதுன்னு இறங்குறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்த விளக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில வேலை இருக்கு.

ரகசியம் ரொம்ப நல்லாக் காக்கப்பட்டா என்ன ஆகும்? அதுக்கும் உதாரணம் நம்மகிட்டயே இருக்கு. படையெடுப்புக்குப் பயந்து கோயில் செப்புத் திருமேனிகளை மண்ணுக்கடியில புதைச்சு வச்சாங்க இல்லையா, புதைச்சவங்க போனதும் தகவலும் கூடவே போயிடுச்சு. திருவெண்காட்டுல சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளியே வந்தது 1950களின் தொடக்கத்துல. சீர்காழி சட்டைநாதர் கோயில்ல 2023 ஏப்ரல்ல யாகசாலைக்கு மண் எடுக்கத் தோண்டினப்போ ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறிச்ச 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைச்சுது. அத்தனை காலம் அதுக்கு மேலேயே ஜனங்க நடந்து போயிருக்காங்க, கீழே என்ன இருக்குன்னு தெரியாம.

சக்கரம் வச்சதுக்கு வந்தா, முதல் அடித்தளப் பெட்டி நம்ம மாட்டு வண்டியிலேயே இருக்கு. வண்டிக்கு அடியில ஒரு சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி, அதுல மாட்டுக்கு வைக்கோல் போட்டு வைப்பாங்க. பக்கத்துல ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கும். பாரம் மேலே, தேவையானது கீழே. ராத்திரி வண்டியோட்டி மேலே தூங்கினாலும் கீழே இருக்கிறது பத்திரமா இருக்கும். இந்த ஏற்பாட்டைத்தான் பின்னாடி எல்லாரும் இரும்புல செஞ்சாங்க.

ஜீப்பின் முதல் ரகசியம்: பெட்ரோல்

1940ல அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி வேணும்னு கேட்டுச்சு. கெடு ரொம்பக் குறைவு. பாண்டம் அப்படிங்கிற சின்ன கம்பெனி 1940 செப்டம்பர் 23ல முதல் மாதிரி வண்டியைக் கொண்டு போய் நிறுத்துச்சு. அப்புறம் வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் அதைத் தயாரிச்சாங்க. அதான் நாம ஜீப்புன்னு சொல்றது.

வண்டி ரொம்பக் குட்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். அதுக்குள்ள இஞ்சின், ஆட்கள், துப்பாக்கி, மண்வெட்டி, கோடாலி எல்லாம் அடங்கணும். பெட்ரோல் டேங்கை எங்கே வைக்கிறது? டிரைவர் சீட்டுக்கு அடியில தரையைப் பள்ளமா குழிச்சு அதுக்குள்ள வச்சுட்டாங்க! 15 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 56 லிட்டர். பெட்ரோல் போடணும்னா டிரைவர் எந்திரிச்சு, சீட்டைத் தூக்கணும். பின்பக்க இரண்டு மூலையிலும், சக்கரத்துக்கு மேலே, பூட்டு வச்ச கருவிப் பெட்டிகள். போருக்குப் பிறகு விவசாயிகளுக்காக வந்த சிஜே மாடல்கள்ல கருவிப் பெட்டி பக்கத்து சீட்டுக்கு அடியில போய் உட்கார்ந்துடுச்சு.

இங்கிலாந்துல 1948 ஏப்ரல் 30ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில அறிமுகமான லேண்ட் ரோவரும் இதே கதைதான். ஒரு சீட்டுக்கு அடியில டேங்க், இன்னொரு சீட்டுக்கு அடியில கருவிப் பெட்டி. போர் முடிஞ்ச நேரம், எஃகுக்கு ரேஷன். அதனால பாடியை அலுமினியத் தகட்டுல செஞ்சாங்க.

நம்ம நாட்டுக்கு வந்தா, 1945ல லூதியானாவுல தொடங்கின மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி, பிரிவினைக்குப் பிறகு 1948ல மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்கிப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரிச்சாங்க. போடி, மூணாறு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு எல்லாம் அந்த வம்சம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு. இந்த ஆரம்பகாலப் பெட்டி எதுவும் யாரையும் ஏமாத்தறதுக்காக வைக்கலை. இடம் பத்தலை, அதனால கீழே போச்சு. டிரைவர் 56 லிட்டர் பெட்ரோல் மேலே உட்கார்ந்திருந்தார். ஆனா அது அவருக்கே தெரியும், தினமும் சீட்டைத் தூக்கி ஊத்துறதே அவர்தான்.

கட்டுறது எப்படி? கொஞ்சம் பட்டறைப் பாடம்

கதைக்கு நடுவுல தொழில்நுட்பம். பிடிக்காதவங்க அடுத்த தலைப்புக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஜீப் மாதிரி வண்டியில ஏணி மாதிரி ஒரு சேசிஸ். ரெண்டு நீள உத்திரம், குறுக்கே சட்டங்கள். அதுக்கு மேலே ரப்பர் வச்சு பாடி தனியா உட்கார்ந்திருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல அங்கங்கே காலி இடம் கிடைக்கும். அங்கேதான் பெட்டியைத் தொங்கவிட முடியும். ஆனா அதே இடத்துலதான் புரொப்பல்லர் ஷாஃப்ட், சைலன்சர் குழாய், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எல்லாம் ஓடுது. அச்சு மேலும் கீழும் ஆடும்போது எவ்வளவு இடம் வேணும்னு பார்க்காம பெட்டி கட்டினா முதல் பள்ளத்துலயே இடிச்சு நிக்கும்.

இன்னொரு வழி, தரைக்கு மேலேயே பொய்த்தரை போடுறது. பின்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குச் சட்டம் அடிச்சு, பிளைவுட் போட்டு, மேலே ரப்பர் விரிச்சு, கீல் வச்ச மூடி. சேசிஸ்ல கை வைக்க வேண்டாம், கழட்டவும் சுலபம். என் ஓட்டு இதுக்குத்தான்.

பெரியவங்க சொல்ற விதிகள் நாலஞ்சு இருக்கு. கனமானது கீழே, அச்சுக்கு நடுவுல இருக்கணும், அப்பத்தான் வளைவுல வண்டி கவிழாது. சைலன்சர் பக்கம் இருந்தா நடுவுல காத்து இடைவெளி விட்டு ஒரு தகடு அடிக்கணும், இல்லைன்னா உள்ளே இருக்கிறது வெந்துரும். அடியில ஒரு தண்ணி வடியிற ஓட்டை, அதுக்கு ஒரு ரப்பர் அடைப்பு. மூடிக்குச் சுத்தி ரப்பர் பீடிங், ஏன்னா ஓடுற வண்டிக்குப் பின்னால காத்தழுத்தம் குறைஞ்சு புழுதியை உள்ளே இழுக்கும். எங்க ஊர்க் கரிசல் புழுதி இருக்கே, பவுடர் டப்பாவுக்குள்ள வேணும்னாலும் போய் உட்கார்ந்துக்கும். முக்கியமானது கடைசி விதி. டேங்க்கைக் கழட்டாம பக்கத்துல வெல்டிங் அடிக்கவே கூடாது. பெட்ரோல் தீர்ந்து போன டேங்க்தான் நிறைஞ்ச டேங்க்கை விட மோசம், உள்ளே முழுக்க ஆவி.

இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில கேரளத்திலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. சேசிஸை அறுக்குறதுக்கு முன்னால ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கிறது நல்லது.

காலிப் பெட்டிக்கே கைது

இடம் சேமிக்க வந்த பெட்டி, எப்போ சட்டத்துக்கிட்ட இருந்து ஒளியிற பெட்டியா மாறுச்சு? எங்கெல்லாம் ஒரு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலையும் அந்தப் பக்கம் ஒரு விலையும் இருக்கோ, அங்கெல்லாம். ரேஷன் அரிசி புளியரை வழியா கேரளாவுக்குப் போறது, தங்கம், கஞ்சா... "ரகசிய அறை அமைத்து கடத்தல்"ங்கிற தலைப்பு இல்லாம நம்ம பேப்பருக்கு ஒரு மாசம் ஓடாது.

அமெரிக்காவுல இது தனிக் கைத்தொழிலாவே வளர்ந்துச்சு. கலிஃபோர்னியாவுல கார் ஸ்டீரியோ பொருத்துற ஒருத்தர் இதுல மன்னன். பொத்தானை ஒரு குறிப்பிட்ட வரிசையில அழுத்தினாத்தான் பெட்டி திறக்கும், நம்ம பாஸ்வேர்ட் மாதிரி. "உள்ளே என்ன வைக்கப் போறீங்க"ன்னு அவர் வாடிக்கையாளர்கிட்ட கேட்டுக்கறது இல்லை. ஒரு நாள் ஒரு பெட்டி சிக்கிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. போய்த் திறந்தா உள்ளே கத்தை கத்தையா டாலர், சுமார் 8 லட்சம். அதுக்கப்புறமும் அதே ஆட்களுக்கு வேலை செஞ்சு குடுத்தார். போதைப்பொருள் வழக்குல அவரும் மாட்டினார். ஒரு கிராம் போதைப்பொருளைக்கூட தொட்டுப் பார்க்காத அந்தத் தொழிலாளிக்கு 24 வருஷத்துக்கும் மேலே சிறை.

ஒஹையோ மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய், கடத்தல் நோக்கத்தோட ரகசிய அறை கட்டுறதே குற்றம்னு 2012ல சட்டம் போட்டுச்சு. 2013 நவம்பர்ல அந்தச் சட்டத்துல ஒருத்தரைப் பிடிச்சாங்க. பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? ஒண்ணும் இல்லை. காலி!

மென்பொருள் எழுதுற நம்மை மாதிரி ஆட்களுக்கு இது கொஞ்சம் சுருக்குன்னு தைக்கும். "நான் கருவியைத்தான் செஞ்சேன், அவன் என்ன பண்ணினான்னு எனக்கென்ன தெரியும்"னு நாமளும் சொல்றவங்கதானே.

நாற்பது டன் சஃபாரி

இப்போ முக்கியமான கதைக்கு வருவோம். சட்டத்துக்கிட்ட ஒளிக்கிறது எல்லாமே தப்பா? சட்டமே அநியாயமா இருந்தா?

தென்னாப்பிரிக்காவுல கறுப்பின மக்களை நசுக்கின நிறவெறி ஆட்சி, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை 1960ல தடை பண்ணுச்சு. 1961 டிசம்பர் 16ல அதோட ஆயுதப் பிரிவான உம்கொன்டோ வெ சிஸ்வே செயல்பாட்டைத் தொடங்குச்சு. இதுல தமிழர்களும் இருந்தாங்க. காந்தியோட தோளோடு தோள் நின்ன தம்பி நாயுடுவோட பேரன் இந்திரேஸ் நாயுடு, 1963ல நாசவேலை வழக்குல பிடிபட்டு ராபன் தீவுல 10 வருஷம் கிடந்தார். தில்லையாடி வள்ளியம்மையை மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கிற நமக்கு இந்தப் பேரும் தெரிஞ்சிருக்கணும்.

வெளிநாட்டுல பயிற்சி எடுத்தாச்சு, ஆயுதமும் இருக்கு. உள்ளே கொண்டு போறது எப்படி? எல்லையில ஒவ்வொரு வண்டியையும் குடைஞ்சு பார்ப்பாங்க. அப்போ லண்டன்ல இருந்த ஆதரவாளர்கள் 1980களின் நடுவுல ஒரு சுற்றுலா கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேரு ஆஃப்ரிக்கா ஹிண்டர்லேண்ட். பெட்ஃபோர்ட் லாரி ஒண்ணு. கென்யாவுல இருந்து கேப் டவுன் வரைக்கும் காட்டு வழியா சாகசப் பயணம், கூடாரம், யானை, சிங்கம். விளம்பரம் பார்த்து நிஜமான பயணிகள் பணம் கட்டி ஏறினாங்க. எல்லாரும் வெள்ளைக்கார இளவட்டம்.

அந்த லாரியில பயணிகள் உட்கார்ற சீட்டுகளோட ரகசிய அறைகள் இருந்துச்சு. ஒரு பயணத்துக்குச் சுமார் 1 டன் ஆயுதம். 1993 வரைக்கும் கிட்டத்தட்ட 40 பயணம், மொத்தம் சுமார் 40 டன். ஒரு தடவை கூட பிடிபடலை!

ஏன் பிடிபடலைன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு டன் ஏத்தினா எந்த லாரிக்கும் ஸ்ப்ரிங் பட்டை அமுங்கும், சாதாரண வண்டியா இருந்தா காவலருக்குச் சந்தேகம் வரும். ஆனா ஆட்கள், கூடாரம், தண்ணி, சமையல் சாமான்னு ஏற்கெனவே அமுங்கிப் போன வண்டியில இது தனியாத் தெரியாது. அதைவிடப் பெரிய மறைப்பு பயணிகளோட முகம். அவங்க நடிக்கலை. அவங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது. எல்லைக் காவலர் முன்னால பயமில்லாம சிரிச்சாங்க. தகட்டை விட அந்தச் சிரிப்புதான் கெட்டியான கதவு.

பிறகு 2001ல இந்தக் கதை ஆவணப்படமா வந்துச்சு. அந்த லாரி, 1963ல போராளித் தலைவர்கள் பிடிபட்ட அதே லிலீஸ்லீஃப் பண்ணையில அமைஞ்ச அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

இதே காலத்துல நடந்த வூலா நடவடிக்கையையும் சொல்லாம போனா நம்ம ஆட்கள் அடிப்பாங்க. நாட்டுக்குள்ள தலைமறைவா இருந்த தலைவர்களும் லண்டன், லுசாகா தலைமையும் பேசிக்க, டிம் ஜென்கின் ஒரு சங்கேத முறை எழுதினார். சின்ன கம்ப்யூட்டர்ல செய்தியைக் குறியீடாக்கி, அதைச் சத்தமா மாத்தி டேப்புல பதிஞ்சு, பொதுத் தொலைபேசியில காட்டிருவாங்க. கேட்கிறவன் காதுக்கு வெறும் கீச்சுச் சத்தம். 1988லயே இது! இந்த நடவடிக்கையோட நிர்வாகத்தை லுசாகாவில் இருந்து கவனிச்சவங்கள்ல முக்கியமானவர் டர்பன்ல பிறந்த ஐவன் பிள்ளை. அவர் முழுப்பேருல விஸ்வநாதன் இருக்கு.

அந்தப் பயணிகள் கணக்கு

நிறவெறி ஆட்சி ஒழிஞ்சுது, 1994 ஏப்ரல்ல எல்லாருக்கும் ஓட்டு கிடைச்சுது. அந்த லாரி ஓட்டினவங்க தைரியத்துக்குப் பக்கத்துல நானெல்லாம் நிக்கவே முடியாது. மாட்டினா தூக்குக்கயிறு வரைக்கும் போயிருக்கும்னு தெரிஞ்சுதான் ஓட்டினாங்க.

ஆனாலும் ஒரு கேள்வி தொண்டையில முள்ளா நிக்குது. அந்தப் பயணிகள்? லீவு போட்டு சிங்கம் பார்க்க வந்த பிள்ளைங்க ஒரு டன் ஆயுதத்துக்கு மேலே தூங்கிட்டு வந்தாங்க. லாரி கவிழ்ந்திருந்தா? தீப்பிடிச்சிருந்தா? எல்லையில சுட்டிருந்தா? டிரைவர் தன் உயிரைப் பணயம் வச்சார், அது அவர் முடிவு. பயணியோட உயிரை யார் பணயம் வச்சது?

"சொல்லியிருந்தா திட்டமே நடந்திருக்காது"ங்கிறது உண்மைதான். "நோக்கம் பெருசு"ங்கிறதும் உண்மைதான். கோடிக்கணக்கான ஜனங்களோட விடுதலை தராசுல ஒரு பக்கம். எனக்கு அந்தத் தராசுல ஒரு தீர்ப்பு சொல்லத் தைரியம் இல்லை. ஆனா ஒண்ணு மட்டும் சொல்வேன். அவ்வளவு பெரிய நோக்கம் இருந்தும் இந்தக் கேள்வி இவ்வளவு கனக்குதுன்னா, நோக்கம் வெறும் லாபமா இருக்கிற இடத்துல பதில் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த இடம்தான் எங்க ஊர்.

தாயில்பட்டிக்கு வாங்க

சிவகாசியில இருந்து வெம்பக்கோட்டை போற வழியில இருக்கிற தாயில்பட்டியில பட்டாசு இல்லாம அடுப்பு எரியாது. 1920களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. வானம் பார்த்த பூமிக்கு அது ஒரு வாழ்வு குடுத்துச்சு, பின்னாலேயே பட்டாசும் வந்துச்சு. நான் இன்னிக்குக் கம்ப்யூட்டர் தட்டுறதும், எங்க தெருவுல பாதிப்பேர் பிள்ளைங்களைப் படிக்க வச்சதும் அந்தக் காசுலதான். அதனால பட்டாசே வேண்டாம்னு ஊருக்கு வெளியே இருந்து சொல்ற ஆள் இல்லை நான்.

ஆனா வெடிமருந்துக்கு ஒரு குணம் உண்டு. அது இருக்கிறது தெரியாத இடத்துலதான் அது அதிகமாக் கொல்லும். 1884ல வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டமும், இப்போ நடைமுறையில இருக்கிற 2008 விதிகளும் திரும்பத் திரும்பச் சொல்றது இந்த ஒண்ணைத்தான். இருக்கிறதை வெளியே சொல்லு. அறைக்கு அறை இடைவெளி விடு. ஒரு அறையில இவ்வளவு மருந்து, இத்தனை ஆள்னு அளவு வை. வண்டியில ஏத்தினா வெடிபொருள்னு எழுதி வை. பயணிகள் போற வண்டியில ஏத்தாதே. ரயில்ல கொண்டு போனா ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164ன்படி மூணு வருஷம் வரைக்கும் சிறை. அதாவது ஜீப்புல ரகசிய அறை கட்டுற கலைக்கு நேர் எதிரான கலை இது. முழுக்க முழுக்க வெளிச்சம் போட்டுக் காட்டுற கலை.

இந்த வெளிச்சம் இல்லாதப்போ என்ன ஆகும்னு நாங்க பார்த்திருக்கோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில விபத்து, 38 பேர் செத்தாங்க. அதுல நிறையப் பேர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, காப்பாத்தலாம்னும் என்ன ஆச்சுன்னு பார்க்கலாம்னும் ஓடிவந்த சுத்துப்பட்டு ஜனங்க. உள்ளே இன்னும் எவ்வளவு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. தானியக்குழிக்குள்ள இறக்கிப் பார்க்க ஒரு விளக்கு இருந்துச்சு. இவங்களுக்கு அது கூட இல்லை. 2021 ஜூன்ல எங்க தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டுல வச்சிருந்த பட்டாசு வெடிச்சு உயிர் போச்சு. வீட்டுல திரி செய்றவங்க, சரம் பின்றவங்க யாரும் வில்லன் இல்லைங்க, வயித்துப்பாட்டுக்குச் செய்றாங்க. ஆனா பக்கத்து வீட்டுச் சுவரு பொதுச்சுவரு. அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கிற குழந்தைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது.

தீபாவளி சமயத்துல பஸ் சீட்டுக்கு அடியில, ஆம்னி பஸ் சாமான் பெட்டிக்குள்ள, வாடகைக் கார் டிக்கியில பட்டாசு போகுதே, அதுவும் இதே கணக்குதான். "ஒரே ஒரு பெட்டிதானே அண்ணாச்சி, ஊருல பிள்ளைங்க ஆசையா கேட்டுச்சு"ம்பாங்க. ஆசைதான். ஆனா மேலே சீட்டுல ஜன்னலோரமா தலை சாய்ச்சுத் தூங்குற நாற்பது பேர்ல யார்கிட்ட அனுமதி கேட்டாங்க? அவங்க விடுதலைக்கா போறாங்க?

அப்போ பெட்டி கட்டலாமா கூடாதா?

தாராளமா கட்டலாம். ஜாக்கி, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, வண்டிப் பேப்பர், மலையில வண்டி நின்னுட்டா ராத்திரிக்கு ஒரு போர்வை, கொஞ்சம் காசு. இதையெல்லாம் கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டுப் போறவன் கண்ணுல இருந்து மறைக்கிறதுல ஒரு தப்பும் இல்லை. எங்க பாட்டன் சோளத்தை மறைச்சதுக்கும் இதுக்கும் வித்தியாசமே கிடையாது.

நான் போட்ட டிராயிங்ல மூணு விஷயம் கட்டாயம். மூடியை உள்ளே இருந்து கருவி இல்லாமத் திறக்க முடியணும். பெட்ரோல் கேன், கேஸ் அடுப்பு, வெடி எதுவும் அதுக்குள்ள போகாது, அதெல்லாம் மூடின இடத்துல வைக்கிற சாமானே இல்லை. மூணாவது, வண்டியில ஏறுற எல்லார்கிட்டயும் "இங்கே ஒரு பெட்டி இருக்கு, உள்ளே இன்னின்னது இருக்கு"ன்னு சொல்லணும். "அப்புறம் அது எப்படிடா ரகசிய அறை"ன்னு கூட்டாளி கேட்டான். வெளியே இருக்கிறவனுக்கு ரகசியம், உள்ளே இருக்கிறவனுக்கு இல்லைன்னேன். இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம்.

பெட்டி நல்லதா கெட்டதான்னு தகட்டைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு மேலே உட்கார்றவங்ககிட்ட உள்ளே இருக்கிறதைச் சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. வாய் வரலைன்னா, உள்ளே இருக்கிறது அந்த வண்டியில போக வேண்டிய சாமான் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போற பஸ்ல ஏறும்போது சீட்டுக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. உங்க வீட்டுத் தாத்தா காலத்துக் கள்ள அறை, பரணுக்கு மேலே ஒளிச்ச பெட்டி, மாட்டு வண்டித் தொட்டில்னு கதை எதுவும் இருந்தா நீங்களும் எழுதுங்க. படிக்க நான் ரெடி.